வில்லியம் டேவிஸ் எத்தனை பேர்?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். வில்லியம் டேவிஸ் என்று ஆன்லைன் கடையில் தேடினால் போர்க்கள வரலாறும் வருகிறது, கோதுமையே சாப்பிடக் கூடாது என்று சொல்லும் புத்தகமும் வருகிறது. டேவிட் பெர்ல்மட்டர் என்று தேடினால் அமெரிக்க அரசியலும் மூளை ஆரோக்கியமும் சேர்ந்து வருகின்றன. எல்லாம் ஒரே ஆள் எழுதியவையா? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. “இவ்வளவு பெரிய பேராசிரியரே எழுதியிருக்கிறார்” என்று சப்பாத்தியை நிறுத்திவிட்டார். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் கேள்வியில் இருப்பவர்கள் இரண்டு பேர் இல்லை, நான்கு பேர்.

முதலில் டேவிஸ். உள்நாட்டுப் போர் பற்றி எழுதுபவர் வில்லியம் சி. டேவிஸ். 1946இல் பிறந்தவர். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டுப் போர் ஆய்வு மையத்தில் இருந்து ஓய்வு பெற்றார். அந்தப் போரின் களங்களில் ஒன்றான புல் ரன் போரைப் பற்றிய இவருடைய நூல் 1977இல் வந்தது. தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் பெரிய வாழ்க்கை வரலாறு 1991இல் வந்தது. இங்கே இன்னொரு டேவிஸ் நுழைந்துவிட்டாரே என்கிறீர்களா? ஆமாம். அந்த ஜெஃபர்சன் டேவிஸும் சும்மா இருக்கவில்லை, தன் கூட்டமைப்பு எழுந்து விழுந்த கதையை 1881இல் தானே எழுதி வெளியிட்டார். ஆக ‘டேவிஸ், உள்நாட்டுப் போர்’ என்று தேடினால் எழுதியவரும் எழுதப்பட்டவரும் கலந்துதான் வருவார்கள். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் வெறுமனே டேவிஸ் என்று போட்டீர்களானால் வழிகாட்டி சிவப்புப் பேனாவை எடுப்பார்.

கோதுமை டேவிஸ் வேறு. அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் இருந்த இதய மருத்துவர். அவர் எழுதிய ‘வீட் பெல்லி’ 2011இல் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அவருக்கும் புல் ரன் போருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெர்ல்மட்டர் கதையும் இதே மாதிரிதான். ‘கிரெய்ன் பிரெய்ன்’ (2013) எழுதியவர் ஃபுளோரிடாவின் நரம்பியல் மருத்துவர். அவரும் கோதுமை உள்ளிட்ட தானியங்களுக்கு எதிரி. அரசியல் நூலை எழுதியவர் டேவிட் டி. பெர்ல்மட்டர், தகவல் தொடர்புத் துறைப் பேராசிரியர். அமெரிக்கத் தேர்தல் களத்தில் வலைப்பதிவர்கள் நுழைந்ததைப் பற்றிய அவருடைய ‘பிளாக்வார்ஸ்’ 2008இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. கோதுமையோடு சண்டை போட்ட இரண்டு பிரபல மருத்துவர்களுக்கும் வரலாறு, அரசியல் பக்கம் ஒரு பெயர் ஒத்தவர் வாய்த்தது சுத்தமான தற்செயல். ஆனால் உங்கள் அப்பாவைப் போன்றவர்களை நம்ப வைக்க அந்தத் தற்செயலே போதும்.

இரண்டு இடத்திலும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘சி.’, ‘டி.’ என்ற ஓர் எழுத்தில். நம் ஊரில் இனிஷியல் என்றால் பெரும்பாலும் அப்பா பெயர், பெயருக்கு முன்னால் நிற்கும். அமெரிக்கர்களுக்கு நடுவில் நிற்கும் எழுத்து அவர்களுடைய சொந்தப் பெயரின் இரண்டாம் பகுதி. நாம் பேச்சிலும் சரி, மொழிபெயர்ப்பின் அட்டையிலும் சரி, அதைத்தான் முதலில் உதறுகிறோம். தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பிரிட்டனில் அரசியல் பொருளாதாரம் எழுதும் இன்னொரு வில்லியம் இருக்கிறார். அவர் குடும்பப் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் ‘ஈ’ கூடுதல். தமிழில் எழுதினால் அவரும் டேவிஸ்தான். அதனால் தேடலை எப்போதும் மூல எழுத்தில், நடு எழுத்தோடு செய்யுங்கள்.

இந்த நடு எழுத்து விவகாரத்துக்கு ஒரு பிரபலமான முன்கதை உண்டு. 1899இல் அமெரிக்காவில் வின்ஸ்டன் சர்ச்சில் என்றால் நாவலாசிரியர். அமெரிக்க விடுதலைப் போரை வைத்து அவர் எழுதிய ‘ரிச்சர்ட் கார்வெல்’ அப்போது அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் இருந்த இளம் சர்ச்சில், பின்னாளில் பிரதமரானவர், தன் பெயரும் புத்தகக் கடைகளில் குழம்பப் போகிறது என்று உணர்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இனி நான் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று கையெழுத்திடுகிறேன் என்றார். அமெரிக்கர் பதிலுக்கு, எனக்கும் வேறு பெயர் ஏதாவது இருந்திருந்தால் அதை நானே போட்டுக்கொண்டிருப்பேன் என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அந்த அமெரிக்கரும் அரசியலில் இறங்கினார். நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், ஆளுநர் பதவிக்கும் முயன்று தோற்றார். ஆகவே ‘இவர் அரசியல்வாதி, அவர் எழுத்தாளர்’ என்று பிரித்தாலும் வேலைக்கு ஆகாது. இருவரும் இரண்டும்தான்! இங்கிலாந்துச் சர்ச்சிலின் நூல்களில் ‘எஸ்.’ என்ற எழுத்து நிற்பதற்குக் காரணம் இந்த ஒப்பந்தம்.

சரி, ஆன்லைன் கடை ஏன் கலக்கிறது? பெயரை வெறும் எழுத்துக் கோர்வையாகப் பார்த்துப் பொருத்தினால் அப்படித்தான் ஆகும். வாசகர்கள் புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதும் குட்ரீட்ஸ் தளத்தில் இதற்கு ஒரு வினோதமான வைத்தியம் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டாவது ஆசிரியர் வந்தால் முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே இரண்டு இடைவெளி விடுவார்கள், மூன்றாமவருக்கு மூன்று. கணினிக்கு அது வேறு பெயர். திரையில் பார்க்கும் நமக்கோ எல்லாம் ஒன்றாகவே தெரியும். வேண்டுமென்றே ஆள்மாறாட்டம் செய்பவர்களும் உண்டு. பதிப்புத் துறை பற்றி எழுதும் ஜேன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கர், தான் எழுதாத புத்தகங்கள் தன் பெயரில் அமேசானில் விற்பனைக்கு இருப்பதை 2023இல் கண்டுபிடித்துப் போராடி நீக்க வைத்தார். எனவே கடையின் ஆசிரியர் பக்கத்தைச் சான்றாக எடுக்காதீர்கள். சாட்பாட்டிடம் கேட்பதும் அப்படித்தான். இரண்டு பேரின் வாழ்க்கையையும் தைத்து ஒரே ஆளாக்கி, நம்பும்படியாகவே சொல்லிவிடும்.

நூலகத்தில் நாங்கள் முதலில் திருப்புவது தலைப்புப் பக்கத்தின் முதுகுப் பக்கத்தை. பதிப்புரிமை விவரம் இருக்கும் பக்கம் அது. அமெரிக்க நூல்கள் பலவற்றில் அங்கே ஒரு சிறிய கட்டம் அச்சாகியிருக்கும்: ஆசிரியர் பெயர், சில சமயம் பிறந்த ஆண்டு, பொருள் தலைப்புகள், வகை எண். நூலகங்கள் புத்தகங்களை எண்ணால் வகைப்படுத்தும் டூயி தசம முறையில் 973 என்றால் அமெரிக்க வரலாறு, 973.7 என்றால் உள்நாட்டுப் போர்க் காலம். 320 அரசியல். 613 தனிமனித உடல்நலம், அதில் 613.2 உணவு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் முறையில் அமெரிக்க வரலாறு ‘ஈ’, ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், அரசியல் ‘ஜே’, மருத்துவம் ‘ஆர்’. ஐ.எஸ்.பி.என். எண்ணை வைத்து ஆளைப் பிடிக்க முயலாதீர்கள். அது குறிப்பது அந்தப் பதிப்பை. ஆசிரியருக்கு என்று தனியே 16 இலக்க ஐ.எஸ்.என்.ஐ. எண் இருக்கிறது, ஆனால் எல்லா நூலிலும் அச்சாவதில்லை.

அடுத்து, லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ஆசிரியர் பெயர்க் கோப்பு. இணையத்தில் இலவசம். உங்கள் வரலாற்றாசிரியர் அங்கே ‘டேவிஸ், வில்லியம் சி., 1946-’ என்ற மாதிரி தனி ஆளாக நிற்பார். பல நாட்டுத் தேசிய நூலகங்களின் கோப்புகளைச் சேர்த்துத் தரும் வயாஃப் என்ற தளமும் உண்டு. இவையும் வேதவாக்கு இல்லை. பிறந்த ஆண்டோ முழுப் பெயரோ கிடைக்காத காலத்தில் பல ஆட்களை ஒரே பதிவில் போட்டு வைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

வகை எண் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், குறிப்பாக நீங்கள் வரலாற்று மாணவி என்பதால். ஒரே அலமாரியிலேயே பெயர் ஒத்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்க மக்களின் வரலாற்றை ஒரே தடித்த நூலாக 1997இல் எழுதிய பால் ஜான்சன் பிரிட்டிஷ்காரர். ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழின் ஆசிரியராக இருந்து, பிறகு வலதுசாரிப் பக்கம் போனவர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் நடந்த மத எழுச்சியை நுணுக்கமாக ஆராய்ந்து 1978இல் எழுதிய பால் ஈ. ஜான்சன் அமெரிக்கக் கல்வியாளர். முன்னவருடையது வாதம் செய்யும் பத்திரிகையாளரின் பெருவரலாறு, பின்னவருடையது ஆவணங்களைக் கிளறிய சமூக வரலாறு. ஒருவருடைய கருத்தை இன்னொருவர் தலையில் கட்டினால் ஆய்வேடு மொத்தமும் சந்தேகத்துக்கு ஆளாகும். டேவிட் ரெய்னால்ட்ஸ் விஷயத்திலும் கவனம்: கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர் ஒருவர்; அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன், லிங்கன் ஆகியோரின் வாழ்க்கையை எழுதிய அமெரிக்கரான டேவிட் எஸ். ரெய்னால்ட்ஸ் இன்னொருவர்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. துறை வேறு என்பதாலேயே ஆளும் வேறு என்று முடிவு கட்டுவது. குழந்தை வளர்ப்புக்கு 1946இல் அமெரிக்கத் தாய்மார்களின் கைப்புத்தகத்தை எழுதிய மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக், 1968இல் வியட்நாம் போரை எதிர்த்து ஒரு நூல் எழுதினார், 1972இல் பீப்பிள்ஸ் பார்ட்டி சார்பில் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். அவர்கள் இருவர் இல்லை, ஒரே ஸ்பாக். எனவே பிரிப்பதற்கும் சான்று வேண்டும், சேர்ப்பதற்கும் சான்று வேண்டும்.

அப்பா விஷயம். நான் நூலகன், மருத்துவன் இல்லை. அதனால் புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘பேராசிரியர் சொன்னார்’ என்ற அவருடைய காரணம் அடிபட்டுப்போகிறது. சொன்னவர் ஒரு மருத்துவர்தான், ஆனால் கோதுமை எல்லோருக்குமே ஆகாது என்ற அவருடைய வாதத்தை மருத்துவ உலகம் பொதுவாக ஏற்கவில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் குடலைப் பாதிக்கும் செலியாக் நோய் உள்ளவர்கள் கட்டாயம் கோதுமையைத் தவிர்க்க வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. இன்னொன்றையும் அப்பாவிடம் காட்டுங்கள்: கோதுமைக்குப் பதில் அரிசி மாவு, சோள மாவில் செய்த பண்டங்களுக்கு மாறுவதும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்று அந்த டேவிஸே எச்சரிக்கிறார். சப்பாத்தியை விட்டுவிட்டு இட்லியைக் கூட்டிக்கொண்டிருந்தால் அவர் நம்பும் புத்தகமே அவருக்கு எதிர்க்கட்சி. மாத்திரை சாப்பிடுபவர் என்றால் உணவை மாற்றியதைச் சர்க்கரை டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரையின் அளவு சாப்பாட்டைப் பார்த்து முடிவு செய்யப்படுவது.

ஆய்வேட்டுக்கு: நூற்பட்டியலில் ஆசிரியரின் நடு எழுத்தை ஒருபோதும் விடாதீர்கள். ஒரே குடும்பப் பெயரில் இருவர் வந்தால் அடிக்குறிப்பிலும் முதற்பெயரோடு எழுதுங்கள். தமிழில் எழுதுவதானால் முதல் முறை வரும் இடத்தில் ‘வர்ஜீனியா வரலாற்றாசிரியர் வில்லியம் சி. டேவிஸ்’ என்று ஓர் அடைமொழி சேர்த்துவிடுங்கள். ஜெஃபர்சன் டேவிஸை ஜெஃபர்சன் என்று சுருக்க வேண்டாம், மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் குறுக்கே வந்துவிடுவார்.