ஏற்காட்டுப் படங்களை இணையத்தில் விற்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 38,000 ரூபாய். முகூர்த்த நாட்களில் திருமணப் படம் எடுப்பதில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் கூடுதலாக வருகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பல ஆண்டுகளாக நான் எடுத்த நிலக்காட்சிப் படங்களைக் கடந்த ஓராண்டாகச் சொந்த இணையதளத்தில் பிரிண்ட் போட்டு விற்கிறேன். பருத்திக் காகிதத்தில் 12க்கு 18 அங்குலப் பிரிண்ட், கொரியர் உட்பட 2,500 ரூபாய். இதுவரை 11 விற்றிருக்கின்றன. அவற்றில் 7 உறவினர்களும் அலுவலக நண்பர்களும் வாங்கியவை. மீதி 4 முன்பின் தெரியாதவர்கள். அதில் இருவர் பெங்களூரு. இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 18,000 ரூபாயும் இணையதளச் சந்தாவுக்கு 6,000 ரூபாயும் செலவாயின. லேபில் பிரிண்ட்டுக்கு 900 ரூபாய் வாங்குகிறார்கள். சொந்தமாக 24 அங்குல பிரிண்டர் வாங்கினால் மையும் காகிதமும் 400 ரூபாய்க்குள் அடங்கும் என்கிறார்கள். இயந்திரம், முதல் கட்ட மை, காகிதம் எல்லாம் சேர்த்து 3 லட்சம் ஆகிறது. மனைவியின் நகையை 9.5 சதவீத வட்டிக்கு வங்கியில் வைக்கலாமா, அல்லது எங்களிடம் உள்ள 2 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட்டை எடுத்துக்கொண்டு மீதிக்கு மட்டும் கடன் வாங்கலாமா? மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் எடுத்த பழைய திருமணப் படங்களில் சில மணப்பெண் படங்களையும் விற்பனைக்கு வைக்க நினைக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: நகையையும் வைக்க வேண்டாம், டெபாசிட்டையும் உடைக்க வேண்டாம். உங்கள் தொழிலில் இப்போது குறைவாக இருப்பது பிரிண்ட் போடும் வசதி அல்ல, வாங்கும் ஆள். 3 லட்சம் ரூபாய் இயந்திரம் முதல் குறையைத்தான் தீர்க்கும். இரண்டாவது அப்படியே இருக்கும், கூடவே மாதாமாதம் வட்டியும் சேரும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் எண்களை வைத்தே பேசுவோம். 2,500 ரூபாய் விலையில் லேபுக்கு 900 போகிறது. குழாய், உள்ளே சுற்றும் மெல்லிய தாள், ஒட்டும் டேப் ஆகியவற்றுக்கு 120, கொரியருக்கு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன் மீது ஜிஎஸ்டியும் பிடித்தால் 59 ரூபாய். மீதி நிற்பது 1,271. பதினொரு பிரிண்ட்டுக்கும் சேர்த்து 13,981 ரூபாய். இதிலிருந்து விளம்பரத்துக்கான 18,000, சந்தாவுக்கான 6,000 ஆகியவற்றைக் கழித்தால், 27,500 ரூபாய்க்கு விற்பனை நடந்த ஓராண்டில் உங்கள் கைப்பணம் 10,019 ரூபாய் போயிருக்கிறது. படம் எடுக்க மலை ஏறிய பெட்ரோலையும், இரவில் கணினி முன் உட்கார்ந்த நேரத்தையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உறவினர்களும் நண்பர்களும் உங்களுக்காக வாங்கினார்கள். அவர்களை அழைத்துவர விளம்பரம் தேவைப்படவில்லை. ஆகவே 18,000 ரூபாய் விளம்பரமும் நான்கு அந்நியர்களைக் கொண்டுவரச் செலவானது. ஒருவருக்கு 4,500 ரூபாய். ஒருவர் வாங்கினால் நிற்பது 1,271 ரூபாய். அவரைத் தேடிப் பிடிக்க ஆனது 4,500. இந்த விகிதம் மாறாதவரை விற்பனை பெருகப் பெருக நட்டமும் பெருகும். சொந்தப் பிரிண்டர் வந்து பிரிண்ட்டுக்கு 500 ரூபாய் மிச்சமானாலும் 1,271 என்பது 1,771 ஆகுமே தவிர, 4,500 ரூபாயை எட்டாது.

இப்போது இயந்திரத்தின் கணக்கு. 3 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் முதல் ஆண்டு வட்டி 28,500. அசலை ஐந்தாண்டில் அடைப்பதாக வைத்தால் ஆண்டுக்கு 60,000. இரண்டையும் பிரிண்ட்டுக்கு 500 ரூபாய் என்ற மிச்சத்தைக் கொண்டே அடைக்க வேண்டுமென்றால், முதல் ஆண்டில் 177 பிரிண்ட், அதாவது மாதம் 15 போட வேண்டும். நீங்கள் இப்போது மாதம் ஒன்று போடுகிறீர்கள். நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டில் திருப்பவோ, வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கவோ வேண்டியது. ஐந்தாண்டுத் தவணை என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் ஏற்பாடுதான். இன்னொன்றையும் இயந்திரம் விற்பவர் சொல்லியிருக்க மாட்டார். நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த பிக்மென்ட் மை பிரிண்டரை நாள்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் மை முனைகள் அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்க இயந்திரம் தானாகவே சுத்தம் செய்துகொள்ளும்போது விலையுயர்ந்த மை கழிவுத் தொட்டிக்குள் போகும். மாதம் ஒரு பிரிண்ட் போடுகிறவரிடம் அந்த இயந்திரம் படத்துக்குக் குடிப்பதைவிடத் தன்னைக் கழுவிக்கொள்ளவே அதிக மை குடிக்கும். 400 ரூபாய் என்ற அடக்க விலை தினமும் ஓடும் கடைக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாது.

இணையத்தில் பிரிண்ட் ஏன் இவ்வளவு கடினமாக விற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறை உங்கள் படங்களில் இருப்பதாக நீங்கள் எண்ணிக்கொள்ளக்கூடும். நீங்கள் விற்பது பருத்திக் காகிதம். அதன் சொரசொரப்பும், கறுப்பு நிறம் அதில் உறங்கும் ஆழமும், வெள்ளை ஓரத்தில் நீங்கள் பென்சிலால் போடும் கையெழுத்தும்தான் 2,500 ரூபாய்க்கு நியாயம். இவற்றில் எதுவும் கைப்பேசித் திரையில் தெரியாது. திரையில் தெரிவது படம் மட்டுமே. படத்தை அவர் ஏற்கெனவே பார்த்து ரசித்துவிட்டார், காசு கொடுக்காமல். ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகளையும், ஏரியின் மீது படியும் பனியையும் வாரந்தோறும் ஏறிவரும் நூற்றுக்கணக்கானோர் தங்கள் கைப்பேசியிலேயே எடுத்துக்கொண்டு போகிறார்கள். அன்ஸ்ப்ளாஷ் போன்ற தளங்கள் 2013 முதல் நல்ல தரமான மலைக்காட்சிகளை இலவசமாகவே தருகின்றன. சுவரில் ஏதாவது மாட்டினால் போதும் என்பவருக்கு 200 ரூபாய் போஸ்டர் இருக்கிறது. இத்தனையையும் தாண்டி ஒருவர் வாங்க முன்வந்தாலும், தன் சுவரின் அளவுக்கு 12க்கு 18 பொருந்துமா, ஃப்ரேமை எங்கே போடுவது, திரையில் கண்ட பச்சை காகிதத்திலும் அதே பச்சையாக இருக்குமா என்ற கேள்விகள் அவரை நிறுத்திவிடும். பிரிண்ட்டை மட்டும் விற்பவர் வாங்குகிறவர் தலையில் பாதி வேலையைக் கட்டிவிடுகிறார். இன்ஸ்டாகிராமில் விருப்பக் குறிகள் (லைக்) எத்தனை வந்தாலும் அவை இந்தத் தடைகளில் ஒன்றைக்கூட நீக்குவதில்லை.

புகைப்படம் கோடிகளுக்கு விற்கிறதே என்று கேட்கலாம். 2022 மே மாதம் நியூயார்க்கில் அமெரிக்கக் கலைஞர் மான் ரேயின் படம் ஒன்று 1.24 கோடி டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். அது அவர் காலத்திலேயே உருவான மூலப் பிரதி. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக் கலை வரலாறு பின்னால் நிற்கிறது. வரையறுத்த எண்ணிக்கையில் 25 பிரதி மட்டும் என்று இணையதளத்தில் அறிவிப்பதால் அந்த மதிப்பு வந்துவிடாது. 26ஆவது பிரதியை இனி ஒருபோதும் போட முடியாது என்ற கட்டுப்பாடு மட்டும் வந்துசேரும்.

வெளிநாட்டுச் சந்தைத் தளங்களில் வைப்பதும் இப்போதைக்கு வழியாகாது. எட்ஸி தளத்தில் ஒரு படத்தை நான்கு மாதம் பட்டியலில் வைக்க 20 சென்ட், விற்றால் கொரியர் கட்டணத்தையும் சேர்த்த தொகையில் 6.5 சதவீதம் கட்டணம். கட்டணம் பெரிதில்லை, ஆனால் அங்கே உங்கள் ஏற்காடு உலகத்து மலைகள் அனைத்தோடும் போட்டியிட வேண்டும். ஏற்காடு என்ற பெயருக்கே மதிப்பு இருக்கும் இடத்தில்தான் அது விலைபோகும்.

அந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. ஏற்காட்டில் ரிசார்ட்டுகளும் ஹோம்ஸ்டேக்களும் காப்பித் தோட்ட பங்களாக்களும் ஒவ்வோர் அறைக்கும் சுவர் வைத்திருக்கின்றன; அந்தச் சுவர்களில் பலவற்றில் சுவிட்சர்லாந்து மலையோ, எங்கோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரையோ தொங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சேலத்தில் புதிதாகக் கட்டும் மருத்துவமனைகள், பல் மருத்துவர் அறைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் ஆகியவையும் இதே வகை. இவர்களிடம் ஒரு பிரிண்ட் விற்பதில்லை, அறைக்கணக்கில் விற்கிறோம். உதாரணத்துக்கு, பத்து அறை கொண்ட ஒரு விடுதிக்கு அறைக்கு இரண்டு என்று 20 படம், ஃப்ரேம் போட்டு, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் வைத்து, நீங்களே கொண்டுபோய் மாட்டித் தருவதாக ஒன்றுக்கு 3,000 ரூபாய் விலை சொல்லலாம். பருத்திக் காகிதம் இங்கே தேவையில்லை. லேசாகப் பளபளக்கும் சாதாரண லஸ்டர் தாளில் பிரிண்ட் 300 ரூபாய்க்கும், ஃப்ரேம் 1,100 ரூபாய்க்கும் அமைந்தால் வண்டி வாடகை, ஆணி, ஆள்கூலிக்கு 4,000 போனாலும் 28,000 ரூபாய் நிற்கும். ஓராண்டு இணைய விற்பனையில் போனதை ஒரே ஆர்டர் ஈடுகட்டி மேலும் தரும். இந்த விலைகளை உங்கள் ஃப்ரேம் கடையில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் நோக்கம் கணக்கின் போக்கைக் காட்டுவதுதான்.

போகும்போது இணையதள முகவரியைக் கொண்டுபோகாதீர்கள். ஃப்ரேம் போட்ட ஒரு படத்தையே கொண்டுபோங்கள். உரிமையாளர் அதைக் கையில் வாங்கி, அறைச் சுவரில் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து பார்க்கட்டும். மே மாதக் கோடை விழாவுக்கு முன் அறைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் சமயத்தில் போவது நல்லது. சீசன் நடக்கும்போது யாருக்கும் உங்களுடன் பேச நேரமிருக்காது. பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் லேபுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். வரவேற்பறைக்கு நான்கடி அகலப் படம் கேட்டாலும் தயங்க வேண்டாம். உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள் கிடைக்கும். நான்கடிக்கு அங்குலத்துக்கு 125 புள்ளி வரும். கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும், சோபாவுக்குப் பின்சுவரில் மாட்டுவதற்கு இதுவே போதும்.

எந்தப் படம் என்பதிலும் ஒரு வார்த்தை. அந்திவானம் எல்லோரிடமும் இருக்கிறது. கோடை மழை விழுந்த சில நாட்களில் தோட்டம் முழுவதும் வெண்மையாகும் காப்பிப் பூ, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரம், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் கை, களத்தில் காயும் ஜவ்வரிசி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். தன் தோட்டத்தையும் தன் தொழிலையும் சுவரில் பார்க்க அவர் விரும்புவார். தொழில் நிறுவனங்கள் ஆண்டிறுதியில் தரும் மாதக் காலண்டரும் இந்தப் படங்களுக்கு நல்ல வழி. சிவகாசியில் ஆடிப் பெருக்கன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுகிறார்கள் என்பதால், நீங்கள் நிறுவனங்களை அணுக வேண்டிய காலம் ஆடி, ஆவணி. கார்த்திகையில் போனால் வேறொருவர் முடித்திருப்பார். காலண்டருக்குப் படத்தை விற்காதீர்கள். ஓராண்டுப் பயன்பாட்டு உரிமையை மட்டும் எழுத்தில் கொடுத்துக் கட்டணம் வாங்குங்கள்.

மணப்பெண் படங்களை விற்பனைக்கு வைக்கவே கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கேமரா உங்களுடையது, திறமை உங்களுடையது, படம் அந்தக் குடும்பத்துடையது. சட்டம் இருக்கட்டும், ஒரு பெண்ணின் கல்யாணப் படம் அவளுக்குத் தெரியாமல் விலைக்கு வந்தால் முகூர்த்த ஆர்டர்கள் அதோடு நின்றுபோகும், உங்கள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2 லட்சம் தருவது அதுதான். நீங்களாக மலையில் எடுத்த படங்கள் உங்களுடையவை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை உண்டு.

வரி விஷயத்தில் ஒரு சிக்கல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நீங்கள் திருமணப் படம் எடுக்கும் சேவையும் செய்வதால் உங்களுக்கான வரம்பு 20 லட்சம். ஆனால் வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், கைவினைப் பொருட்கள் போன்ற சில விலக்குகள் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். பெங்களூருக்குப் போன இரண்டு பிரிண்ட்டுகள் இந்த விதிக்குள் வருகின்றன. தொகை சிறிதென்று விட்டுவிடாமல் ஆடிட்டர் ஒருவரிடம் அந்த இரண்டு பில்களையும் காட்டிக் கேளுங்கள். அதுவரை இணையதளத்தில் தமிழ்நாட்டு முகவரிகளுக்கு மட்டும் அனுப்பும்படி மாற்றிவையுங்கள். திருமண வருமானத்தையும் பிரிண்ட் வருமானத்தையும் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரிக் கணக்கில் காட்டிவருகிறீர்கள் என்று நம்புகிறேன்.

இனி பணம். ஃபிக்ஸட் டெபாசிட்டில் உள்ள 2 லட்சம் உங்கள் சம்பளத்தில் ஐந்து மாதத்துக்குச் சற்று மேல். அது குடும்பத்தின் அவசரக் கையிருப்பு, தொழில் முதலல்ல. மகள் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதும், இரண்டாண்டு கழித்துக் கல்லூரியில் சேரும்போதும் பெரிய தொகை தேவைப்படும். நகை அப்போது லாக்கரில் இருக்க வேண்டும். அந்தச் செலவு வரும் தேதி உங்களுக்கு இப்போதே தெரியும், பிரிண்ட் விற்கும் தேதி தெரியாது. திருமண வருமானத்திலிருந்து 25,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதிரி ஃப்ரேம்கள், பெட்ரோல், இணையதளம் எல்லாவற்றையும் அதிலிருந்தே செய்யுங்கள். விளம்பரத்தை இன்றே நிறுத்துங்கள். இணையதளத்தை மூட வேண்டாம். நேரில் பார்த்த விடுதி உரிமையாளர் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் காட்டுவதற்கு அது தேவை. அந்தக் கணக்கில் பணம் தீர்ந்தால் வீட்டுப் பணத்திலிருந்து நிரப்பாதீர்கள். லேபில் மாதம் 15 பருத்திக் காகிதப் பிரிண்ட் வீதம் ஆறு மாதம் தொடர்ந்து நீங்கள் போட்டதாக பில்கள் காட்டினால் பிரிண்டரைப் பற்றிப் பேசலாம். அப்போதும் நகையை வைத்தல்ல, அந்த விற்பனையில் சேர்ந்த பணத்தை முன்பணமாகக் கட்டித் தவணையில்.