எல்லாத் தடயமும் கையில் இருக்கிறது, கைதி மட்டும் தப்பான ஆள்!

கேள்வி: பிஎஸ்4-இல் 'எல்.ஏ. நுவார்' என்ற துப்பறியும் வீடியோ கேமை ஆடி முடித்தேன். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. முகங்களைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் விசாரணையில் நான் நினைத்து அழுத்துவது ஒன்று, நான் ஆட்டுவிக்கும் துப்பறிவாளர் கோல் ஃபெல்ப்ஸ் கத்துவது வேறொன்று. ஹோமிசைட் டெஸ்க்கில், அதாவது கொலை வழக்குப் பிரிவில், ஒவ்வொரு கேஸிலும் ஒருவரைப் பிடித்து உள்ளே தள்ளினேன். கடைசியில் அத்தனை பேரும் நிரபராதிகள் என்கிறது கதை. பிறகு திடீரென்று ஒரு காதல். அதற்குப் பிறகு வேறொரு ஆளாக ஆட வேண்டியிருக்கிறது. தப்பு என் ஆட்டத்திலா, கேமிலா? மறுபடி ஆடினால் பயன் உண்டா? இன்னொன்று: அப்பா துப்பறியும் நாவல்களில் ஊறியவர், கண்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: கேமை இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பதிலை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிடுங்கள். முடிவு வரைக்கும் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

உங்கள் ஆட்டத்தில் பெரிய தப்பு இல்லை. கதை ஒரு பக்கம் இழுக்கிறது, ஒவ்வொரு கேஸின் முடிவிலும் 5 நட்சத்திரம் வரை கொடுக்கும் மதிப்பெண் முறை இன்னொரு பக்கம் இழுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள். சிட்னியில் இருந்த டீம் போண்டி என்ற ஸ்டுடியோ உருவாக்கி, ராக்ஸ்டார் 2011 மே மாதம் வெளியிட்ட கேம் இது. அந்த ஸ்டுடியோ முடித்து வெளியிட்ட ஒரே கேமும் இதுதான். அதே ஆண்டில் அதை மூடிவிட்டார்கள். நீங்கள் ஆடியது 2017-இல் வந்த ரீமாஸ்டர், அதாவது மெருகேற்றிய மறுபதிப்பு.

முதலில் அந்தக் கத்தலைப் பார்ப்போம். 2011-இல் வந்தபோது விசாரணையில் மூன்று பட்டன்கள் இருந்தன: உண்மை, சந்தேகம், பொய். ஆனால் உருவாக்கும் காலத்தில் அவற்றுக்கு வேறு பெயர்கள். நயமாகப் பேசிக் கறப்பது, மிரட்டுவது, பொய் என்று முகத்துக்கு நேரே சொல்வது என்ற பொருளில் அவை இருந்தன. வசனம் எழுதியதும் நடித்ததும் அந்தப் பெயர்களை வைத்துத்தான். பட்டனில் 'சந்தேகம்' என்று பெயர் மாறியதும் ஆடுபவர் "இவர் எதையோ விட்டுவிட்டுச் சொல்கிறார் போலிருக்கிறதே" என்று மென்மையாக நினைத்து அழுத்துவார். ஃபெல்ப்ஸ் மேசைமேல் பாய்வார். ரீமாஸ்டரில் 'நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம் சாட்டு' என்று மாற்றினார்கள். பெயர் பழைய நோக்கத்துக்குக் கிட்டே வந்தது, வசனங்கள் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் 'கெட்ட போலீஸ்' அழுத்தினால் ஒரு இடத்தில் லேசான அதட்டல் வரும், இன்னொரு இடத்தில் தூக்குமேடை வரைக்கும் போகிற மிரட்டல் வரும். எது வரும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியே இல்லை. இது கேமின் குறைதான், நீங்கள் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இருந்தாலும் சரியான பதில்களை வெகுவாகக் கூட்டிக்கொள்ளலாம். விசாரணைக்கு உட்காரும் முன் அந்த இடத்தை முழுக்கத் துழாவி முடியுங்கள். ஒரு தடயம் விட்டுப்போனால் அது சம்பந்தப்பட்ட கேள்வியே நோட்டுப் புத்தகத்தில் வராமல் போகலாம்; வந்தாலும் குற்றம் சாட்டக் கையில் ஆதாரம் இருக்காது. கேட்டபிறகு அவர் பேசும்போது வார்த்தையைக் கேளுங்கள், பேசி முடித்ததும் முகத்தைப் பாருங்கள். கண் அலைவது, எச்சில் விழுங்குவது, உதட்டைக் கடிப்பது எல்லாம் வாக்கியம் முடிந்து உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த மௌனத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

அடுத்ததுதான் பலரும் சறுக்கும் இடம். 'குற்றம் சாட்டு' அழுத்தியதும் ஆதாரம் கேட்கும் அல்லவா? அப்போது "இந்த ஆள்தான் கொலைகாரன்" என்று காட்டுகிற ஆதாரத்தை எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் தப்பாகிவிடும். அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எது உடைக்கிறதோ, கேம் அதை மட்டுமே ஏற்கும். "அன்று இரவு அவரை நான் பார்க்கவே இல்லை" என்றால், பார்த்ததற்கான சாட்சி வேண்டும். ரத்தக்கறை படிந்த ஆயுதம் கையில் இருந்தாலும் அங்கே அது செல்லாது. அப்படி வாக்கியத்தை உடைக்கும் பொருள் நோட்டில் இருந்தால் குற்றம் சாட்டுங்கள். முகம் பொய் சொல்கிறது, கையில் பொருள் இல்லை என்றால் கெட்ட போலீஸ். இரண்டும் இல்லையென்றால் நல்ல போலீஸ்.

சந்தேகமாக இருக்கும்போது ஒரு வழி இருக்கிறது. குற்றம் சாட்டிவிட்டு, ஆதாரம் எதையும் தேர்ந்தெடுக்காமல் அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேளுங்கள். "நான் அங்கே இருந்தேன் என்று யார் சொன்னது?" என்பது மாதிரி எதிர்க்கேள்வி வரும், எந்தப் பொருளைக் காட்ட வேண்டும் என்பதற்கான குறிப்பு பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நோட்டில் பொருத்தமானது இல்லையென்றால் பின்வாங்கும் பட்டனை அழுத்துங்கள், ஃபெல்ப்ஸ் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவார். மதிப்பெண் குறையாது. ஆடும்போது சேரும் உதவிப் புள்ளிகளான 'உள்ளுணர்வுப் புள்ளிகள்' ஒரே நேரத்தில் 5 வரைதான் சேரும். அவற்றைத் தடயம் தேடுவதில் செலவழிக்காமல், கெட்ட போலீஸா குற்றச்சாட்டா என்று தடுமாறும் கேள்விகளில் ஒரு தவறான பதிலை நீக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நடிகர்களை உட்காரவைத்துச் சுற்றிலும் 32 கேமராக்களால் தலையை மட்டும் பதிவு செய்தார்கள். உடல் அசைவு தனியாக எடுத்தது. கழுத்துக்கு மேலே உயிரும் கீழே விறைப்புமாகத் தெரிவது அதனால்தான். இன்றைக்கும் அந்த முகங்களைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. ஆனால் சில மணி நேரம் ஆடியதும் நாம் மனிதர்களைப் படிப்பதை விட்டு, 'பொய் சொல்லும் நடிப்பு' எப்படியிருக்கும் என்பதைப் படிக்க ஆரம்பித்துவிடுகிறோம். இந்தக் கேமின் நிஜமான பலம் முகத்தைவிடப் பொருட்களில் இருக்கிறது என்பது என் கருத்து.

டிராஃபிக் டெஸ்க்கின் (போக்குவரத்துப் பிரிவு) முதல் கேஸை நினைவுபடுத்திப் பாருங்கள். ரயில் சரக்கு முற்றத்தில் ஏட்ரியன் பிளாக் என்பவரின் கார் அநாதையாக நிற்கிறது. உள்ளே எங்கும் ரத்தம், ஆளைக் காணோம். கொலை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அங்கேயே ஒரு ரசீது கிடைக்கிறது: உயிரோடு ஒரு பன்றி வாங்கியதற்கு. ரத்தம் தோய்ந்த ஒரு குழாய்த்துண்டும் கிடைக்கிறது, அதில் வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் முத்திரை. பிளாக்கின் வீட்டுக்குப் போனால் அதே கம்பெனி ஹீட்டர் நிற்கிறது, அதில் ஒரு குழாயைக் காணோம். 'கொலை ஆயுதம்' செத்தவர் வீட்டிலிருந்தே போயிருக்கிறது! யார் முகத்தையும் பார்க்காமல், மூன்று பொருட்களை வரிசையாக வைத்தே அந்த ஆள் தன் சாவை ஜோடித்துவிட்டு ஓடியிருக்கிறான் என்று நாமே சொல்லிவிடலாம். கேம் முழுக்க இப்படியே இருந்திருந்தால் உங்கள் கடிதமே வந்திருக்காது.

ஹோமிசைட்டில் அது உடைகிறது. ஏன் உடைகிறது என்றால், கதை நிஜ வரலாற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. 1947 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் எலிசபெத் ஷார்ட் என்ற இளம்பெண்ணின் உடல் கிடைத்தது. பத்திரிகைகள் அந்த வழக்குக்கு 'பிளாக் டாலியா' என்று பெயர் வைத்தன. இன்றுவரை கொலையாளி யார் என்று நிரூபணமாகவில்லை. அடுத்த மாதம் ஜீன் ஃபிரெஞ்ச் என்ற பெண் கொல்லப்பட்டதும் அப்படியே துலங்காமல் போனது. கேமில் வரும் 'ரெட் லிப்ஸ்டிக்' கேஸுக்கு அடிப்படை அதுதான். துலங்காத வழக்குகளைத் துலக்குவதாகக் கதை எழுத வேண்டும், வரலாற்றையும் மாற்றக்கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஒருவனே செய்ததாகவும், அவன் செல்வாக்குள்ள குடும்பத்து ஆள் என்பதால் மேலிடம் அதை மூடி மறைத்ததாகவும் எழுதினார்கள். அப்படியென்றால் அதற்குமுன் நீங்கள் பிடித்தவர்கள் எல்லாம் தப்பான ஆட்களாக இருந்தே ஆக வேண்டும்.

வசதியான ஆளை உள்ளே தள்ளும் போலீஸ் துறையைப் பற்றிய கதையாக இது நல்ல கதை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. 'கோல்டன் பட்டர்ஃபிளை' கேஸில் இரண்டு சந்தேக நபர்கள்: கணவர் ஹியூகோ மோலர், குழந்தைகளிடம் தவறாக நடந்த பழைய குற்றவாளி ஈலை ரூனி. இரண்டு பேருக்கும் எதிராகத் தடயம் இருக்கிறது. கேப்டனுக்கு ரூனிதான் வேண்டும். ஆகவே ரூனியைக் குற்றம் சாட்டினால்தான் 5 நட்சத்திரம் கிடைக்கும். மோலரைச் சாட்டினால் திட்டு விழும். கொலை செய்தவர் இந்த இருவருமே இல்லை! கதை "இது அநியாயம்" என்கிறது, மதிப்பீட்டுத் திரை "சபாஷ்" என்கிறது. இருவரையும் விட்டுவிட்டு "ஆதாரம் போதவில்லை" என்று எழுதி வைக்க அங்கே ஒரு பட்டன் இருந்திருக்க வேண்டும். அழுத்தினால் கேப்டன் திட்டட்டும், ஒரே ஒரு நட்சத்திரம் கிடைக்கட்டும், பரவாயில்லை. அந்த ஒரு வழி இல்லாததால் உங்களுக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வருகிறது. அது நியாயமான உணர்வு.

காதல் விஷயத்திலும் உங்கள் பக்கம்தான் நான். பாடகி எல்சாவின் கிளப்புக்கு ஃபெல்ப்ஸ் போவதைச் சில கட்சீன்களில், அதாவது நாம் ஆடாமல் பார்க்க மட்டுமே செய்யும் காட்சிகளில், பார்க்கிறோம். மனைவி மேரி வந்து போவதோ சில நொடிகள். ஒரு மனிதனின் வேலையை மட்டும் நம் கையில் கொடுத்து, அவன் வீட்டைக் கதவுக்கு வெளியிலிருந்தே காட்டிவிட்டு, அந்த வீடு உடைவதற்கு நாம் வருந்த வேண்டும் என்றால் எப்படி?

ஆனால் கடைசிப் பகுதியில் நாம் ஜாக் கெல்சோவாக மாறுவதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கெல்சோ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புலனாய்வாளர். அவருக்கு நட்சத்திரம் வேண்டாம், கேப்டனும் இல்லை. எரிந்த வீடுகளின் மரத்தைச் சோதித்து, மட்டமான மரத்தில் வீடு கட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, நெடுஞ்சாலை வரப்போகும் இடத்தில் அரசு இழப்பீட்டுக்காகவே அந்த வீடுகள் எழும்பின என்பதுவரை போகிறார். தடயமும் கதையும் மீண்டும் ஒன்று சேர்வது இங்கேதான். குழப்பமாக இருந்ததென்றால் நாளிதழ்களைத் தவறவிட்டிருப்பீர்கள். கேஸ்களுக்குள் மொத்தம் 13 நாளிதழ்கள் கிடக்கின்றன. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறு காட்சியைக் காட்டும். மனநல மருத்துவர் ஃபான்டெயின், மார்ஃபின் திருடிய கோர்ட்னி ஷெல்டன், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஒகினாவா தீவுக் குகையில் ஃபெல்ப்ஸின் உத்தரவால் பொதுமக்களை எரித்துவிட்டு மனம் பேதலித்த ஐரா ஹோக்போம் ஆகியோரின் கதை பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. அவை இல்லாமல் கடைசிச் சாக்கடைக் காட்சிக்குப் போனால் அந்த வீடுகளுக்கு நெருப்பு வைத்தவன் எங்கிருந்து முளைத்தான் என்றே புரியாது.

மறுபடி ஆடுங்கள், ஆனால் முதலிலிருந்து வரிசையாக வேண்டாம். முடித்தவர்களுக்கு எல்லாக் கேஸ்களும் மெனுவில் தனித்தனியாகத் திறந்திருக்கும். செட்டிங்ஸில் தடயம் அருகில் வந்தால் அதிரும் கண்ட்ரோலரையும், எல்லாம் கிடைத்ததும் நின்றுவிடும் இசையையும் அணைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை தேடுவது காது, கண் இல்லை. ஹோமிசைட்டை ஒரே மூச்சில் ஆடுங்கள். இம்முறை யாரைப் பிடிப்பது என்பதை விட்டுவிட்டு, எந்தத் தடயம் அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பார்களில் தற்காலிக வேலைக்கு வந்து உங்களுக்குப் பதில் சொன்ன ஆளின்மேல் ஒரு கண் இருக்கட்டும். நட்சத்திரத் திரை வந்ததும் படிக்காமல் தாண்டிவிடுங்கள்.

அப்பா விஷயம். தாராளமாகக் கொடுக்கலாம், அந்த ரயில் முற்றக் கேஸிலிருந்து தொடங்குங்கள். கார் ஓட்டத் தெரியாவிட்டால் காருக்குப் பக்கத்தில் நின்று ஏறும் பட்டனை அழுத்திப் பிடித்தால் கூட்டாளி ஓட்டுவார், நேரே இடத்துக்குப் போய்விடலாம். துரத்தல், துப்பாக்கிச் சண்டை எதிலும் மூன்று முறை தோற்றால் அதைத் தாண்டிப் போகட்டுமா என்று கேமே கேட்கும். ஆம் என்று சொல்லிவிடலாம், கதை கெடாது. சப்டைட்டிலைப் போட்டு வையுங்கள். ஹோமிசைட் கேஸ்களில் நிர்வாணமான உடல்களைக் கிட்டே வைத்துச் சோதிக்க வேண்டியிருக்கும், வயது வந்தோருக்கு மட்டுமான கேம் இது. ஹாலில் எல்லோரும் இருக்கும்போது அந்த டெஸ்க் வேண்டாம். பன்றி ரசீது கிடைக்கும் கட்டத்தில் நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நாவல் படித்துப் பழகியவர், அவரே பிடித்துவிடுவார்.