முதுகில் உள்ள எல்லாத் தசைகளுக்கும் முண்ணாண் நரம்பின் பின்கிளைதானே போகிறது? இதை எப்படி நினைவில் வைப்பது? தமிழில் கேட்பதற்கு மன்னிக்கவும்.

இல்லை, இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) செய்கிறேன், நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் எழுதினேன். தமிழில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள், அது தேவையில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றைத் தமிழில் படிப்பித்தவர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாணிலிருந்து வருகிற ஒவ்வொரு நரம்பும் முன்கிளை, பின்கிளை என்று பிரிகிறது. தசை எங்கே கிடக்கிறது என்று பார்க்காதீர்கள், எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கிணற்றடியில் கப்பிக் கயிற்றைக் கீழே இழுக்கும்போது வேலை செய்கிற லற்றிசிமஸ் டோர்சை, முதுகின் கீழ்ப்பாதியை மூடிக்கொண்டு கிடந்தாலும் கைக்குரிய தசை. கருவில் கைமொட்டில் தோன்றி முதுகுக்குப் பரவியபோது தன் நரம்பையும் கூடவே கொண்டுவந்துவிட்டது, அதனால்தான் அதற்குக் கழுத்து 6, 7, 8ஆம் நரம்புகளின் முன்கிளையிலிருந்து நரம்பு வருகிறது. தோட்பட்டையை உள்ளே இழுக்கும் றொம்பொயிட் தசைகளுக்கும் முன்கிளைதான், முக்கியமாகக் கழுத்து 5.

கழுத்திலிருந்து தோளுக்கும் மேல்முதுகுக்கும் விரிந்து கிடக்கிற ட்றபீசியஸ் தசை இன்னும் விசித்திரம். அதை அசைப்பது 11ஆவது மண்டையோட்டு நரம்பு. கழுத்தில் ஒரு கட்டியை வெட்டி எடுத்த பிறகு தோள் தொங்கி, கொடியில் உடுப்புக் காயப்போடக் கை உயராமல் ஒரு அம்மா என்னிடம் வந்தார். அதுவரை மாதக்கணக்கில் தோள்மூட்டுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அடிபட்டதோ கழுத்தில் அந்த நரம்பு. அவரைப் பார்த்த பிறகு இந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

பின்கிளை போவது அடியில், முள்ளந்தண்டை ஒட்டிக் கிடக்கிற சொந்த முதுகுத் தசைகளுக்கு: எரெக்டர் ஸ்பைனே, மல்டிபிடஸ் போன்றவை. வெங்காயம் நட மெல்லக் குனியும்போது உடம்பு முன்னால் விழாமல் பிடித்திருப்பவை இவைதான். முழுக்கக் குனிந்துவிட்டால் இவை ஏறக்குறைய ஓய்ந்துவிடும், பாரத்தைப் பெரும்பாலும் எலும்புகளைப் பிணைக்கிற இணையங்கள் (லிகமென்ற்) தாங்கும், அந்த நிலையில் நெடுநேரம் நின்றுவிட்டுச் சட்டென்று நிமிர்பவர்கள்தான் நாரிப்பிடிப்பு (இடுப்புப் பிடிப்பு) என்று என்னிடம் அதிகம் வருகிறார்கள். நீளமான தசைக்கு ஒவ்வொரு மட்டத்திலும் தனித்தனிப் பின்கிளை போவதால், ஒரு நரம்பு போனாலும் முழுத்தசையும் செயலிழக்காது.

வயிற்றுச் சுவருக்குக் குழப்பமில்லை, எல்லாம் முன்கிளை, நெஞ்சு 7 முதல் 12 வரை, உள் அடுக்குகளுக்கு நாரி 1ஆம் நரம்பும் சேரும். தொப்புளைச் சுற்றிய தோலுக்கு நெஞ்சு 10ஆம் நரம்பு.