பழைய ஸ்போர்ட்ஸ் காரில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. எதிலிருந்து பார்ப்பது?

"பேட்டரி புதுசு, காயில் புதுசு, பெட்ரோல் பம்ப்பும் புதுசு, இன்னமும் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மாற்றியதெல்லாம் வரிசையாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தது என்று ஒன்றுகூட இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் காரில் கை வைத்தவர் அப்படி.

மாடல் எது என்று நீங்கள் சொல்லவில்லை. இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர் என்று போட்டிருப்பதால் எம்.ஜி. அல்லது ட்ரையம்ப் மாதிரி பிரிட்டிஷ் வண்டி, பாயிண்ட் (கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற முனைகள்) வைத்த டெல்கோ (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர்), மாதக்கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பதில் எழுத வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு முன்னால் பதில் சொன்ன ஒருவர், "இந்த மாதிரி வண்டியை ஊர்ப்பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டாதீர்கள், லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார். நான் அந்த ஊர்ப்பக்கத்து மெக்கானிக்தான். ராமநாதபுரத்தில் பட்டறை. ராமேஸ்வரத்துக்கு வந்த யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓடிய அம்பாசிடர் டாக்சிகளில்தான் தொழில் பழகினேன். சென்னைக்கு அனுப்பச் சொன்ன அண்ணனுக்குத் தெரியாத ஒரு விஷயம்: எம்.ஜி. கம்பெனியின் எம்.ஜி.பி. காரில் இருக்கும் 1798 சிசி இன்ஜினும், பழைய பெட்ரோல் அம்பாசிடரில் இருந்த 1489 சிசி இன்ஜினும் ஒரே குடும்பம். பி.எம்.சி. கம்பெனியின் பி சீரிஸ் இன்ஜின். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசைகூட அதே 1-3-4-2. வெளியே சிவப்புப் பெயிண்டும் கம்பிச் சக்கரமும் இருப்பதால் அது வேறு லோகத்து வண்டி ஆகிவிடாது.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது.

கீழக்கரையில் காக்கா (அங்கே அண்ணன் முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர், வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வந்தவர். 1969 மாடல் எம்.ஜி.பி. ஒன்றைக் கோயம்புத்தூர் பக்கம் வாங்கி ஆசையாக வைத்திருக்கிறார். பெரிய நகரம் ஒன்றில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் முடித்துக் கொண்டுவந்த சூட்டோடு, குடும்பத்தை இன்னொரு காரில் ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறார். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்ததிலிருந்து எல்லாருக்கும் அந்த முனையில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். கச்சான், அதாவது மேல்காற்று அடிக்கிற மாதம். உப்புத் தூறல் வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும், கண்ணாடியில் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். படம் எடுத்து முடித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை.

அங்கே நின்ற கூட்டத்துக்குச் சொல்லவா வேண்டும்? ஒருவர் தள்ளச் சொன்னாராம், ஒருவர் சோக்கை இழுத்துப் பிடிக்கச் சொன்னாராம், சங்கு மாலை விற்கிற அம்மா தேங்காய் உடைக்கச் சொன்னதாம். கடைசியில் கயிறு கட்டி இழுத்துவந்து தங்கச்சிமடத்தில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் விட்டார்கள். அப்புறம் அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் போனிலேயே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். காயில் மாற்று என்றார்கள், மாற்றினார்கள். பம்ப் மாற்று என்றார்கள், அதையும் மாற்றினார்கள். பேட்டரியும் போட்டாயிற்று. என்னைக் கூப்பிட்டபோது காக்கா கேட்டது, "தம்பி, இது கெளம்புமா, இல்ல கோழிக்கூடா வச்சுக்கவா?"

பாம்பன் பாலம் தாண்டிப் போனேன். கொண்டுபோனது டெஸ்ட் லேம்ப், ஃபீலர் கேஜ், உப்புத்தாள், பிளக் ஸ்பேனர், அவ்வளவுதான்.

சாவியை ஆன் செய்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், இதுதான் முதல் வேலை. எம்.ஜி.பி.யில் அம்பாசிடர் மாதிரி இன்ஜினில் ஒட்டி, அதன் ஓட்டத்திலேயே இயங்குகிற பெட்ரோல் பம்ப் கிடையாது. சீட்டுக்குப் பின்னால், வலது பின்சக்கரத்துப் பக்கம், அடியில் எஸ்.யூ. எலக்ட்ரிக் பம்ப் இருக்கும். சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கார்பரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். சத்தமே இல்லை என்றால் அதற்குக் கரண்ட் போகவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டது; சின்னதாக ஒரு தட்டுத் தட்டினால் பல சமயம் உயிர் வரும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெட்ரோல் ஒழுகுகிறது. காக்கா வண்டியில் அழகாக அடித்து நின்றது.

அடுத்து பிளக். கொஞ்சம் செல்ஃப் அடித்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்து வாடை அடித்தால் கரண்ட் வரவில்லை. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வண்டியை ஒதுக்கிவிடலாம். இங்கே நான்கும் நனைந்திருந்தன. அதாவது பம்ப்புக்குக் கொடுத்த காசு வீண்.

கழற்றிய பிளக்கை ஒயரில் மாட்டி, கார்பரேட்டரை விட்டுத் தள்ளி இன்ஜினில் எர்த் படும்படி வைத்துச் சுற்றவிட்டேன். பொறி இல்லை. வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலில் இருந்து டெல்கோவின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரை டெல்கோ மூடியான கேப்பில் இருந்து பிடுங்கி, ரப்பர் பிடி போட்ட கொறடால் பிடித்து, இன்ஜின் பிளாக்கில் இருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துச் சுற்றவிட்டேன். நீலமாக, சடக் சடக் என்று அடித்தது. பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டன்சர் எல்லாமே சரியாக இருந்தால்தான் அந்தப் பொறி வரும். ஆக, காயிலும் பேட்டரியும் மாற்றிய காசும் அதோடு போயிற்று.

உங்கள் வண்டியில் அந்த இடத்திலும் பொறி இல்லை என்றால், டெஸ்ட் லேம்ப்பை எடுத்து, காயிலில் இருந்து டெல்கோவுக்குப் போகிற முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடித்துச் சுற்றவிடுங்கள். லேம்ப் மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. கண்டன்சரையும் காயிலையும் சந்தேகப்படுங்கள். விடாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முனையில் அழுக்கு. கடலோரத்தில் நிறுத்திய வண்டியில் இதுதான் சகஜம். களிம்பு பூத்திருக்கும், உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுத்து 15 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைத்தால் சரியாகிவிடும். எரியவே இல்லை என்றால் காயிலுக்குச் சாவியிலிருந்து கரண்ட் வரவில்லை, இல்லையேல் டெல்கோவுக்குள் எங்கோ எர்த் தட்டுகிறது. பிரிட்டிஷ் வண்டியில் சாவியிலிருந்து வருவது வெள்ளை ஒயர், அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது என்பதால் பேட்டரி நல்லது என்று நினைக்க வேண்டாம். சுற்றும்போது காயிலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 10 வோல்ட்டுக்கும் கீழே போனால் பொறி மங்கிவிடும். 1974 வரை வந்த எம்.ஜி.பி.யில் சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. இரண்டையும் சேர்க்கும் ஒயரின் முனையில் களிம்பு பிடித்தால் புது பேட்டரியும் பழசு மாதிரிதான் வேலை செய்யும்.

சரி, காக்கா வண்டிக்கு வருவோம். காயில் வரை பொறி இருக்கிறது, பிளக்கில் இல்லை. நடுவில் இருப்பது கேப்பும், அதற்குள் சுற்றி ஒவ்வொரு பிளக் ஒயருக்கும் கரண்டைத் தருகிற ரோட்டாரும், நாலு ஒயரும்தான். நாலு ஒயரும் ஒன்றாகவா சாகும்? கேப்பைத் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை, கரிக்கோடு இல்லை, நடுவில் கார்பன் துண்டு இருக்கிறது. மிச்சம் ரோட்டார். பளபளவென்று புத்தம் புதுசு, சர்வீஸில் போட்டது.

ரோட்டாரை டெல்கோவில் அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அந்தத் தடித்த ஒயரின் முனையை ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிடித்தேன். வீட்டுப் பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பளீர் பளீரென்று தகட்டில் பாய்ந்தது. நல்ல ரோட்டாரில் அப்படிப் பாயக் கூடாது. தகட்டுக்கும் நடுத்தண்டுக்கும் இடையில் பிளாஸ்டிக் இருக்கிறதே, போகிற வழி இல்லையே. பாய்கிறது என்றால் உள்ளே ஓட்டை விழுந்து கரண்ட் தண்டு வழியாக எர்த்துக்கு ஓடுகிறது. ஒரிஜினலுக்குப் பதிலாக இப்போது வருகிற சில ஸ்பேர்களில் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடிக்கிறார்கள். ரிவெட்டின் அடியில் பிளாஸ்டிக் மெல்லிசாக இருந்தால், இன்ஜின் சூட்டில் அது தாங்காது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்ஜினியரிங் படிக்கிற அந்தப் பையன், "மீட்டர் வச்சா காட்டாதா மாமா?" என்று கேட்டான். மீட்டரின் 9 வோல்ட்டுக்கு அது காட்டாது. ஆயிரக்கணக்கான வோல்ட் வந்தால்தான் அந்த ஓட்டை வாயைத் திறக்கும்.

கழற்றிய பழைய ரோட்டாரைக் காக்கா பத்திரமாக டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருந்தார். பழைய சாமானைத் தூக்கிப்போடாத மனுஷன், வாழ்க. அதைத் துடைத்து மாட்டினேன், நனைந்த பிளக்குகளைக் காயவைத்துப் போட்டேன். சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது.

"எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை" என்று யாராவது எழுத வருவீர்கள், தெரியும். டெல்கோவுக்குள் வைக்கிற அந்த செட் பாயிண்டைத்தான் எடுக்கும். ரோட்டார் அப்படியேதான் இருக்கும். நான் அதற்கு எதிரி இல்லை, நானே சில வண்டிகளில் போட்டிருக்கிறேன்.

நான் கேட்ட கூலியைக் காக்கா மறுபேச்சில்லாமல் கொடுத்தார், கூடவே கீழக்கரைத் தொதல் இனிப்பு ஒரு டப்பா. அவருடைய மச்சான்தான், "பழைய சாமானையே திருப்பி மாட்டினதுக்கு இவ்வளவா?" என்றார். புது பம்ப்புக்கும் காயிலுக்கும் பேரம் பேசாமல் கொடுத்த குடும்பம் அது. டப்பாவில் வந்த சாமானுக்குத்தான் காசு, கண்டுபிடித்ததற்கு இல்லை என்றால் எந்த மெக்கானிக் உட்கார்ந்து தேடுவான்? அவனும் டப்பாவைப் பிரித்து மாட்டிக்கொண்டே இருப்பான். உங்கள் பட்டியலில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

சாமான் என்றதும் இன்னொன்று. நல்ல ரோட்டார் ஒன்றை ஸ்பேராக வரவழைத்தோம். பார்சல் மதுரையோடு நின்றுவிட்டது. கேட்டால், "உங்க ஏரியாவுக்கு டெலிவரி இல்ல சார், வந்து வாங்கிக்கோங்க." ராமேஸ்வரத்துக்கு வடநாட்டிலிருந்து நேரா ரயில் வருகிறது, உள்ளங்கை அளவு பார்சல் வர மாட்டேன் என்கிறது. எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது புரியும், மற்றவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: பிளக் நனைந்திருக்கிறதா, காயிலில் பொறி வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். மூன்றும் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் யாரோ பிளக் ஒயரை மாற்றிச் செருகியிருக்கலாம், எம்.ஜி.பி.யில் ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும், 1-3-4-2 வரிசையை அந்தப் பக்கமாக எண்ணுங்கள். மாடல் வருஷத்தையும் கட்டாயம் எழுதுங்கள். 1967-க்கு முந்தைய எம்.ஜி.பி. என்றால் அது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் மாட்டியிருக்கும். புது காயிலை இந்தக் காலத்து வண்டி மாதிரி மாட்டியிருந்தால் பொறி வரும், ஆனால் பலம் இருக்காது. காயிலில் மாட்டியிருக்கிற இரண்டு சின்ன ஒயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், அதற்குக் காசு ஆகாது.