கார்பன் ஃபைபர் எப்படி உடையுது? கேளுங்க, சொல்றேன்

அம்பத்தூர்ல காம்போசிட் (ஃபைபரை ரெசின்ங்கற பசையில பதிச்சு செய்யுற பொருள்) டெஸ்டிங்ல இருக்கேன், உடைஞ்ச சாம்பிள்களைப் பாக்குறதுதான் தினசரி வேலை. கேள்விகளைப் போடுங்க.

குரோம்பேட்டை ஸ்டூடன்ட்: அண்ணா, டி300 ரக கார்பன் ஃபைபரை எடுத்துட்டு டி700 ரகம் போட்டா எங்க ரேஸ் கார் பார்ட் ஸ்ட்ராங் ஆகுமா?

தம்பி, இழுக்குற லோடுன்னா கண்டிப்பா ஆகும். ஃபைபர் வலிமை 3530 மெகாபாஸ்கல்ல இருந்து 4900க்குப் போகுது. ஆனா ரெண்டோட மாடுலஸும், அதாவது விறைப்பும், 230 ஜிகாபாஸ்கல்தான், அதனால வளையறது குறையாது. அமுக்குற லோடுல பெருசா ஒண்ணும் கிடைக்காது, அங்க ஃபைபர் அறுந்து போறதில்ல, சுத்தி இருக்குற ரெசின் பிடிச்சு நிறுத்த முடியாம கொத்தா மடிஞ்சுடுது.

கிண்டில இருந்து: சார், ஒரே ஃபைபர், ரெசின் மட்டும் வேற. ஒண்ணு நேரா பட்டுனு உடையுது, இன்னொண்ணு தேஞ்ச தென்னந்துடைப்பம் மாதிரி பிரியுது. ஏன்?

ரொம்ப நல்ல கேள்வி, விஷயமே இங்கதான் இருக்கு. எல்லா ஃபைபரும் ஒரே வலிமை கிடையாது, ஒவ்வொண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாத குறை அங்கங்க இருக்கும், லோடு ஏற ஏற வீக்கானது முதல்ல அறும், அதோட பங்கு ரெசின் வழியா பக்கத்து ஃபைபருக்குப் போகும். ஒட்டு ரொம்ப இறுக்கமா இருந்தா அந்த பாரம் பக்கத்துலயே குவிஞ்சு அதையும் அறுக்கும், கிராக் நேரா ஓடிடும். ஒட்டு அளவா இருந்தா ஃபைபர் ரெசினை விட்டுப் பிரிஞ்சு, கிராக் திசை மாறி, உள்ள இருந்து உருவி வரும், அந்த உராய்வுல நிறைய எனர்ஜி செலவாகும். ஃபைபர் வலிமை கூடினா உருவி வர நீளமும் கூடும். அதனால டேட்டாஷீட்ல ஃபைபர் நம்பரை மட்டும் பாத்து வாங்காதீங்க, சைஸிங் (ஃபைபர் மேல பூசியிருக்குற மெல்லிய கோட்டிங்) உங்க ரெசினுக்கு ஒத்து வருமான்னு சப்ளையர்கிட்ட கேளுங்க.

வேளச்சேரி: மேல வலிமைன்னீங்க. மாடுலஸ் அதிகமா இருந்தா நல்லதுதானே ப்ரோ?

எல்லா இடத்துலயும் இல்ல. எம்60ஜேன்னு ஒரு ஃபைபர், அதோட மாடுலஸ் 588 ஜிகாபாஸ்கல், ஆனா 0.7 சதவீதம் நீண்டாலே அறுந்துடும். டி700 2.1 வரைக்கும் தாங்கும். சாட்டிலைட் ஸ்ட்ரக்சருக்கு முன்னது சரி, அடி வாங்குற பார்ட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

போரூர்: ட்ரோன் ஆர்ம்ல லேயர் லேயரா பிரியுது, ஸ்ட்ராங் ஃபைபர் போடட்டுமா?

காசு வேஸ்ட் ஆயிடும். லேயருக்கு நடுவுல இருக்குறது ரெசின்தான், டஃப்பான ரெசினுக்கு மாறுங்க.

குரோம்பேட்டை ஸ்டூடன்ட்: அண்ணா, டென்சைல் டெஸ்ட்ல கிரிப்புக்குள்ளயே உடையுது, அந்த வேல்யூவ எழுதலாமா?

எழுதாத பா. அது கிரிப் அழுத்தத்துல வந்த உடைப்பு, ஃபைபரோட நிஜ வலிமை இல்ல. சாம்பிள் முனைகள்ல, கிரிப் பிடிக்குற இடத்துல, டேப் (tab, சின்னத் தகடு) ஒட்டி, அலைன்மென்ட் பாத்துட்டு மறுபடி போடு.