ஆடாத நேரத்துக்கு ஓர் இசை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மாங்குளத்தில் தேவாலயத்தில் கீபோட் வாசிப்பவள். பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் ‘நடன வகுப்பு’ ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றை வைத்துக்கொண்டு பியானோவுக்கு ஓர் இசை எழுத முயல்கிறேன். எப்படி எழுதினாலும் அது மூன்றடித் தாள நடன இசையான வால்ஸ் ஆகிவிடுகிறது. ஓவியம் அதற்குள் வர மறுக்கிறது. நம் கோவலன் கூத்தின் மத்தளத் தாளத்தை எடுத்தால் பொருந்துமா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

டெகா 1873 தொடக்கம் 1876 வரை வரைந்து, இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தையே குறிப்பிடுகிறீர்கள் என்று கொள்கிறேன். அதில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று மறுபடி பாருங்கள். வகுப்பு முடியும் தறுவாய் அது. முதிய ஆசிரியர் ஜூல் பெரோ நீண்ட கோலை ஊன்றி நிற்க, பெண்களில் பெரும்பாலானோர் சோம்பல் முறிப்பதிலும் தலைமுடியையும் நாடாவையும் சரிசெய்வதிலும் இருக்கிறார்கள். இடப்பக்கத்தில் ஒருத்தி பியானோவின் மேலேயே ஏறியமர்ந்து முதுகைச் சொறிகிறாள். ஓவியத்தில் பியானோ இருக்கிறது, அதை வாசிப்பார் எவரும் நம் கண்ணில் படுவதில்லை. நீங்கள் எழுதிய வால்ஸ் நடனத்தைப் பற்றியது. டெகா வரைந்ததோ களைப்பையும் காத்திருப்பையும். ஓவியம் உள்ளே வர மறுப்பதற்குக் காரணம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே நடனத்தைத் துண்டுகளாக மட்டும் வர விடுங்கள். இரண்டு தாளக்கட்டுகள் (பார்) நீளமுள்ள ஒரு நடன வரி தொடங்கி, முடிவுக்கு வராமல் அறுபடட்டும். பின்னர் வேறொரு சுருதியில் இன்னொருத்தி முயல்வதுபோல் திரும்பி வந்து மறுபடி அறுபடட்டும். ஆசிரியரின் கோலுக்கு இடக்கையில் தாழ்ந்த ஒற்றைச் சுரம் போதும், ஆனால் அது சம இடைவெளியில் விழக்கூடாது. சமமாக விழுந்தால் உங்களை அறியாமலே மீண்டும் வால்ஸ் வந்துவிடும். ஓவியத்தின் முன்பகுதியில் அகன்று கிடக்கும் வெறும் பலகைத் தரையை மறக்க வேண்டாம். அதற்கு மௌனக் குறிகளைத் தாராளமாக எழுதுங்கள், அவ்விடங்களில் ஒலியை நீட்டும் பெடலிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஒலி தேங்கி நின்றால் அந்தத் தரை காய்ந்த மரமாகக் கேட்காது. தரையில் ஒரு பூவாளியும் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் நம் முற்றங்களில் செய்வதுபோலவே அவர்களும் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

இவ்வழியில் முன்சென்ற இருவரை நீங்கள் கேட்க வேண்டும். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி, மறைந்த நண்பர் விக்டர் ஹார்ட்மனின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்த பின் 1874இல் எழுதிய பியானோத் தொகுதியில், முட்டையோட்டுக்குள் இருக்கும் குஞ்சுகளின் பாலே ஒன்று வருகிறது. அதற்கு மூலமான படத்தில் இருப்பது ஒரு பாலேக்காக வரையப்பட்ட ஆடை மட்டுமே. அந்த ஆடைக்குள் அகப்பட்ட சிறு உடல் எப்படித் துள்ளும் என்பதையே அவர் விரைவான, கொத்தும் சுரங்களாக எழுதினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் ‘டெல்பி நடனமாதர்’ இதற்கு நேர் எதிரானது. 1910இல் வெளிவந்த பிரெலூடு எனும் சிறு பியானோத் துண்டுகளின் முதல் தொகுதியின் தொடக்கமான அது, பழங்காலக் கிரேக்கத் தூண் ஒன்றில் செதுக்கிய மூன்று பெண்களிலிருந்து பிறந்தது. ஆடுகிறவர்கள் கல்லில் இருப்பதால் இசையும் மெதுவாகவும் கனமாகவும் நகர்கிறது. அத்தொகுதியில் ஒவ்வொரு துண்டின் பெயரையும் டெபுஸ்ஸி இசையின் இறுதியில்தான் அச்சிட்டார். நீங்களும் ஓவியத்தின் பெயரைச் சொல்லாமல் முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

மத்தளத்தைப் பற்றிய கேள்விக்கு என் பதில், இந்த ஓவியத்துக்கு வேண்டாம் என்பதே. கோவலன் கூத்தின் தாளத்தின் மீது எனக்குள்ள பற்றினால்தான் இதைச் சொல்கிறேன். அத்தாளம் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் கைக்கும் ஆடுபவரின் காலுக்கும் இடையில், பாட்டோடு சேர்ந்து வாழ்வது. பாரிஸ் வகுப்பறையின் சோர்வுக்கு அதை ஒட்டுப்போட்டால் இரண்டுமே தம் இயல்பை இழக்கும். ஆனால் கூத்துப் பழகும் இரவொன்றில் ஆடுகளமான களரியின் ஓரத்தில் போய் அமருங்கள். தன் முறை வரும்வரை நிற்பவர்களின் உடல்களைக் கவனியுங்கள்: யார் உதட்டுக்குள் பாடுகிறார், யாருடைய கால் தன்னையறியாமல் தட்டுகிறது, யார் சுவரில் சாய்கிறார் என்று பாருங்கள். டெகாவைப் புரிந்துகொள்ள அச்சுப்படியைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும். கூத்துக்கென்றே ஒரு பியானோ இசை எழுத விரும்பினால், அதைத் தனியாக, அதற்குரிய மரியாதையோடு பிறகு எழுதலாம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. உங்களுடைய கீபோட் பலரிடமும் இருப்பதுபோல 61 கட்டைகள் கொண்டதாக இருந்தால், 88 கட்டைப் பியானோவின் அடித்தளச் சுரங்கள் அதில் கிடைக்கா. கோலின் சுரத்தை உங்களிடம் உள்ள எல்லைக்குள்ளேயே தேர்ந்து எழுதுங்கள். முதல் பக்கம் முடிந்ததும் அனுப்பிவையுங்கள், வாசித்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்.