சுவரைப் பார்த்துப் படம் வாங்குங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கும்பகோணத்தில் புது வீடு கட்டியிருக்கிறோம். ஆவணியில் கிரகப்பிரவேசம். கூடத்தில் இரண்டடி உயரமுள்ள ஒரு தஞ்சாவூர் கிருஷ்ணர் ஓவியம் மாட்ட ஆசை. ஒரு கடையில் 9,000 ரூபாய், இன்னொரு கடையில் 24,000. இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன. எதை வாங்குவது?

கடைக்காரரிடம் படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கிருஷ்ணரின் முகத்தில் தெரியாத விலை வித்தியாசம் முதுகில் தெரியும்.

அந்தக் காலத்தில் பலாப் பலகை. இப்போது ப்ளைவுட். அதன்மேல் துணி ஒட்டி, கல் பதித்து, சாக்பவுடரும் பசையும் கலந்த மக்கில் மேடு எழுப்பி, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுவார்கள். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பலகையிலும் ரேக்கிலும்தான் கை வைப்பார்கள்.

பலகையின் ஓரத்தைப் பாருங்கள். ப்ளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தெரியும். அடுக்கே இல்லாமல் மரத்தூளை அழுத்தியது போல இருந்தால் அது எம்.டி.எஃப். நம்மூர் ஐப்பசி ஈரத்தில் அது உப்பும், உப்பினால் மேலே மக்கு விரிசல் விடும். ப்ளைவுட்டிலும் ஐ.எஸ். 710 என்ற தரக்குறி உள்ளது தண்ணீர் தாங்கும் மரைன் வகை. சின்னதாக அறுத்த துண்டில் முத்திரை இருக்காது, அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பின்பக்கத்தைக் காகிதம் ஒட்டி மூடியிருந்தால், சட்டம் போடுவதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரேக்கு விஷயம் கொஞ்சம் சிக்கல். நகை மாதிரி உரசிப் பார்க்க முடியாது. தங்க நிறப் போலி ரேக்கு பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடையில் ஜொலிக்கும், ஈரக் காற்றில் போகப்போக மங்கிக் கறுக்கும். ஆகவே பில்லில் ‘22 காரட் தங்க ரேக்கு, ப்ளைவுட் பலகை, தேக்குச் சட்டம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்கிறவர் பேனாவை எடுக்கத் தயங்கினால், 9,000 ரூபாய்ப் படத்தின் ரகசியம் அங்கேயே தெரிந்துவிடும். அதற்காக அதை வாங்கவே கூடாது என்றில்லை. அதற்கு உண்டான விலையைக் கொடுத்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

‘எங்கள் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு’ என்பார்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு அது உண்டு. ஆனால் அது ஊரையும் செய்முறையையும் சொல்வது, தங்கத்தின் காரட்டுக்கு உத்தரவாதம் அல்ல. அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் ஒரு நடை விலை கேட்டுவிட்டு மற்ற கடைக்குப் போவது நல்லது.

படம் வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். கிரகப்பிரவேசத்தன்றே மாட்ட வேண்டாம். புதுப் பூச்சில் ஈரம் மாதக்கணக்கில் இருக்கும், தை பிறக்கட்டும். அப்புறம் ஒரு சோதனை: ஒரு முழ பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் சுவரே ஈரம் விடுகிறது என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழையின் சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்களைத்தான் நனைக்கும். அவற்றையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு நடுவில் இருக்கும் உள்சுவர்தான் உத்தமம்.

பழைய வீடுகளில் சாமி படங்கள் நிலைக்கு மேலே முன்பக்கம் சாய்ந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இரண்டு மரக்கட்டை தாங்கும், மேலே கம்பி இழுத்துப் பிடிக்கும். படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட அது நல்ல வழி. உங்கள் வீட்டில் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினாலே போதும்.

டியூப்லைட்டுக்கு நேர் எதிரே மாட்டினால் கண்ணாடியில் டியூப்லைட்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து மஞ்சள் நிற எல்.இ.டி. ஒன்று லேசாக விழட்டும். மக்கு மேடுகளின் நிழல் எழுந்து, தங்கம் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது போல இருக்கும். பளிச்சென்ற கூடத்தைவிட அரையிருட்டான ரேழியில் இந்த ஓவியம் இன்னும் அழகு என்பது என் கட்சி.

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் பூச்சு பொலபொலவென்று உதிர்கிறது. தாத்தா பாட்டி போட்டோக்கள், பேத்தி வரைந்த படங்கள் எல்லாம் பெட்டியில் கிடக்கின்றன. பெரிய செலவில்லாமல் என்ன செய்யலாம்?

சுவரை விட்டுவிடுங்கள், மரத்தைப் பிடியுங்கள். ஓட்டு வீட்டில் தூண் இருக்கிறது, உத்திரம் இருக்கிறது. தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் ஒரு மரச்சட்டத்தைத் திருகாணியில் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய சங்கிலியில் போட்டோக்களைத் தொங்கவிடலாம். முற்றத்துச் சாரல் படாத பக்கமாகப் பாருங்கள். மூலப் போட்டோவைப் பத்திரப்படுத்திவிட்டு, ஸ்கேன் செய்து எடுத்த பிரதியை மாட்டுவது இன்னும் நல்லது. பழைய போட்டோ வெளிச்சத்தில் வெளிறினால் திரும்பாது.

பேத்தியின் படங்களுக்குச் சட்டம் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். ஒரு நைலான் கயிறு, துணி மாட்டும் கிளிப் போதும். மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், அவளுக்கும் வரைய உற்சாகம் வரும். கொலுப்படி நவராத்திரி முடிந்ததும் பரணுக்குத்தானே போகிறது? அதில் இரண்டு படிகளைக் கூடத்தின் மூலையில் நிறுத்தி, தலையாட்டி பொம்மையையும் நெட்டி வேலைப் பொருளையும் வைக்கலாம். நெட்டிக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டி கட்டாயம். அந்த வெள்ளைத் தக்கையில் தூசி ஏறினால் துடைத்து எடுப்பது பெரும்பாடு. சுவரில் மாடக்குழி இருந்தால் தஞ்சாவூர்த் தட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால் ஒரு யோசனை. கோயில்களில் உருளையாகத் தொங்குமே தொம்பை, அதைக் கருப்பூர் கலம்காரி (துணியில் கையால் வண்ணம் எழுதும்) வேலையில் வாங்கி ஊஞ்சல் கொக்கியிலோ உத்திரத்திலோ தொங்கவிடுங்கள். சுவரே வேண்டாம், மழைக்காலத்தில் கழற்றி மடித்து வைத்துவிடலாம். கையால் எழுதியதா, அச்சடித்ததா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் இடங்களை ஒப்பிட்டால் அச்சில் இம்மி பிசகாது, கையில் பிசகும்.

கேள்வி: ஆன்லைனில் தஞ்சாவூர்த் தட்டு வாங்கினேன். வெள்ளி வேலைப்பாடு நசுங்கி வந்தது. ‘கைவினைப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், மன்னார்குடி)

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தட்டு, பெட்டி, பில் மூன்றையும் போட்டோ எடுத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்குப் போடக் கெடு இரண்டு வருஷம்.

கேள்வி: திருவாரூர் பக்கம் ஒருவர், நூறு வருஷத்துக்கு மேல் பழமையான வெண்கல நடராஜர் தருகிறேன் என்கிறார். வாங்கி முற்றத்தில் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். நூறு வருஷம் தாண்டிய உலோகச் சிலை 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பதிவுச் சான்று வேண்டும், விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமமும் வேண்டும். உங்கள் மாவட்டத்துப் பத்தூர் நடராஜரே லண்டன் வரை கடத்தப்பட்டு, வழக்கு நடந்து 1991-ல்தான் நாடு திரும்பினார். யார் வீட்டு, எந்தக் கோயில் சாமி என்று தெரியாத ஒன்றை நடுமுற்றத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

சுவாமிமலைக்குப் போய்ப் புதிதாக வாங்குங்கள். மெழுகில் வடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் வார்க்கும் கெட்டிச் சிலைகள் அவை. எடையையும் உலோகத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், கண்ணிமை, நகை என்று உளியால் வெட்டிய நுணுக்கம் நாளடைவில் மழுங்கிவிடும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.